பூட்டு இல்லாத ஜெயில்



நம்ம ஹாஸ்டலில் ஒரு சின்னக் கணக்கு எடுத்துப் பாருங்கள். ஒரு ரூமுக்கு நாலு பேர். கதவுக்கு ஒரு பூட்டு. ஆளுக்கொரு பெட்டி, அதற்கு ஆளுக்கொரு பூட்டு. சைக்கிள் வைத்திருப்பவனுக்கு இன்னொன்று. நாலு பேருக்குப் பத்து சாவி! ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுகிறோம். ஒருத்தன் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து நாலு பேரும் எழுதுகிறோம். ஆனாலும் பூட்டுகிறோம். இதைத் தப்பு என்று சொல்ல வரவில்லை. நம் கை யோசிக்காமலே செய்கிற வேலைகளில் பூட்டுவதும் ஒன்றாகிவிட்டது என்றுதான் சொல்கிறேன்.

இந்த நேரத்தில் பூட்டே இல்லாத ஒரு ஜெயிலைப் பற்றிய படத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்த ஆசைப்படுகிறேன். 1957-ல் வந்த இந்திப் படம். கருப்பு வெள்ளை. பெயர் ‘தோ ஆங்க்கேன் பாரா ஹாத்’. தமிழில் சொன்னால் ‘இரண்டு கண்கள், பன்னிரண்டு கைகள்’. போன செமஸ்டர் லீவில் செல்போனில் பார்த்தேன். “என்னடா இது, தாத்தா காலத்துப் படம் பார்க்கிறே?” என்று ரூம்மேட் கிண்டல் பண்ணினான். பத்து நிமிஷம் கழித்து அவனும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டான். இந்தப் படத்தைப் பற்றி ஏன் எழுதுகிறேன் என்பதற்கு என் சொந்தக் காரணம் ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கதை இதுதான்

ஜெயில் படம் என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? தப்பி ஓடுவதுதான்! சுரங்கம் தோண்டுவது, கம்பியை அறுப்பது, கயிறு கட்டிச் சுவர் ஏறுவது. உலகம் முழுக்க அப்படித்தான். 1932-ல் அமெரிக்காவில் மெர்வின் லெராய் எடுத்த சங்கிலிக் கைதியின் கதையும் தப்புவதைப் பற்றியதே. 1956-ல் பிரான்ஸில் ராபர்ட் பிரெஸ்ஸான் எடுத்த ‘எ மேன் எஸ்கேப்டு’ படமும் அப்படித்தான். ஜெர்மானியரின் சிறையிலிருந்து ஒரு கைதி தப்பித்த உண்மைக் கதை அது.

அதற்கு மறு வருஷமே நம் நாட்டில் எடுத்த படம், கேள்வியைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது. சுவர் இல்லை, கம்பி இல்லை, துப்பாக்கி பிடித்த காவலாளி இல்லை. ஓடினால் ஓடலாம். அப்போது கைதி என்ன செய்வான்?

ஆதிநாத் என்று ஓர் இளம் ஜெயில் அதிகாரி. கொலைக் குற்றத்துக்காகத் தண்டனை அனுபவிக்கும் ஆறு பேரை ஒரு தரிசு நிலத்துக்கு அழைத்துப் போய், விவசாயம் செய்யவைத்து மனிதர்களாக்கிக் காட்டுகிறேன் என்று மேலதிகாரியிடம் அனுமதி கேட்கிறான். மேலதிகாரிக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் அனுமதி கிடைக்கிறது. கல்லும் முள்ளுமாகக் கிடக்கும் அந்த நிலத்துக்கு ஆறு பேரும் வந்து சேருகிறார்கள். விலங்கைக் கழற்றிய பிறகு கையை என்ன செய்வது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. பழக்கம் அப்படி!

ஒரு கட்டத்தில் ஓடிவிடவும் பார்க்கிறார்கள். ஆனால் ஆதிநாத்தின் இரண்டு கண்கள் மனதுக்குள் பின்தொடர்கின்றன, திரும்பி வந்துவிடுகிறார்கள். மண்ணைக் கொத்துகிறார்கள், விதைக்கிறார்கள், மழைக்குக் காத்திருக்கிறார்கள். காய்கறி விளைகிறது. சந்தைக்குக் கொண்டுபோய் நியாயமான விலைக்கு விற்கிறார்கள். இங்கேதான் வினை. அதுவரை அதிக விலை வைத்து விற்ற வியாபாரிக்குப் பொறுக்கவில்லை. ஆள் வைத்து அடிக்கிறான். கொலை செய்த கைகள், திருப்பி அடிக்கத் தெரிந்த கைகள்தான். ஆனால் கை ஓங்குவதில்லை என்று ஆதிநாத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். வாங்கிக்கொள்கிறார்கள். கடைசியில் பயிரை அழிக்க மாடுகள் அவிழ்த்துவிடப்படுகின்றன. அவற்றைத் தடுக்கப்போன ஆதிநாத் உயிரை விடுகிறான். அவன் போன பிறகும் அந்தக் கண்கள் அவர்களை விட்டுப் போகவில்லை.

நடுவில் சம்பா என்ற பெண் வருகிறாள். பொம்மை விற்கிறவள். கொலு பொம்மை செய்யும் ஊர்க்காரர்களான நமக்கு அவள் கூடையைப் பார்த்ததுமே சொந்தம் கொண்டாடத் தோன்றும்!

கலர் தெரிந்தவர் ஏன் கருப்பு வெள்ளைக்கு வந்தார்?

படத்தை எடுத்து, ஆதிநாத்தாக நடித்தவர் வி.சாந்தாராம். 1901-ல் பிறந்த கோலாப்பூர்க்காரர். பாபுராவ் பெயிண்டரின் மகாராஷ்டிரா ஃபிலிம் கம்பெனியில் தொழில் பழகியவர். நண்பர்களோடு சேர்ந்து 1929-ல் பிரபாத் ஃபிலிம் கம்பெனியைத் தொடங்கினார். பிறகு அதிலிருந்து விலகி 1942-ல் பம்பாய் பரேலில் ராஜ்கமல் கலாமந்திர் ஸ்டுடியோவை ஆரம்பித்தார்.

நண்பர்களே, கலர் எடுக்க வசதி இல்லாமல் அவர் இதைக் கருப்பு வெள்ளையில் எடுக்கவில்லை. கலர் மோகம் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே உண்டு. 1933-லேயே ‘சைரந்திரி’ என்ற படத்தைக் கலரில் கொண்டுவர ஜெர்மனி வரைக்கும் போனவர் அவர். கலர் சரியாக வரவில்லை. 1955-ல் ‘ஜனக் ஜனக் பாயல் பாஜே’ என்ற நாட்டியப் படத்தை டெக்னிகலரில் எடுத்தார். பெரிய வெற்றி. அடுத்ததாக எடுத்தது இந்தக் கருப்பு வெள்ளைப் படம். வேறு யாராவது இருந்தால் கலரைவிட்டுத் திரும்பி வருவார்களா?

காரணத்தைப் படம் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். அந்தக் கால ஃபிலிமில் சில்வர் ஹாலைடு படிகங்கள் பூசியிருக்கும். வெளிச்சம் பட்ட இடம் டெவலப்பரில் போட்டதும் கருப்பாகும், அது நெகட்டிவ். அதிலிருந்து பிரிண்ட் எடுத்தால் வெளிச்சம் வெள்ளையாகவும் நிழல் கருப்பாகவும் திரும்பி வரும். ஆக, இந்தப் படத்தில் கேமராமேன் ஜி.பாலகிருஷ்ணாவின் கையில் இருந்தது வெளிச்சமும் நிழலும் மட்டும்தான். பச்சை வயல், சிவப்புப் புடவை என்று கண்ணை இழுக்க வேறு எதுவும் கிடையாது. ஒரு முகத்தைப் பெரிதாகக் காட்டினால் அதில் நம் பார்வை போய் நிற்கும் இடம் கண்தான். கண்மணியில் மின்னும் அந்தச் சின்ன வெளிச்சப் புள்ளிதான். தலைப்பிலேயே கண்ணை வைத்திருக்கும் படத்துக்கு இதைவிடப் பொருத்தம் வேறு என்ன வேண்டும்? வெறும் தரையின் வெறுமையும் அப்படித்தான். கலரில் எடுத்திருந்தால் செம்மண் அழகாகத் தெரிந்திருக்கும். கருப்பு வெள்ளையில் அது அழகாக இல்லை, தரிசாகவே தெரிகிறது.

கூட நின்றவர்கள்

கதை, திரைக்கதை எழுதியவர் ஜி.டி.மாட்கூள்கர். மராத்தியர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் கவிஞர். 1955-ல் புனே வானொலியில் வந்த ‘கீத ராமாயண’த்தின் 56 பாடல்களையும் எழுதியவர். இசை வசந்த் தேசாய். பாடல்கள் பரத் வியாஸ். லதா மங்கேஷ்கர் குழுவினரோடு பாடிய இந்தப் படத்தின் பிரார்த்தனைப் பாட்டை, வடக்கே பல பள்ளிக்கூடங்களில் காலை வணக்கமாகவே பாடியிருக்கிறார்கள். சினிமாப் பாட்டு என்பதே மறந்துபோய்விட்ட பாட்டு அது. இதே வசந்த் தேசாய்தான் 1971-ல் ‘குட்டி’ என்ற இந்திப் படத்தில் வேலூரில் பிறந்த நம் வாணி ஜெயராமைப் பாடவைத்து நாடறியச் செய்தவர்.

சம்பாவாக வருபவர் சந்தியா. மேலதிகாரியாக வருபவர் பாபுராவ் பெண்டார்கர். இவருக்கும் நமக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1934-ல் பிரபாத் கம்பெனி எடுத்த ‘சீதா கல்யாணம்’ என்ற தமிழ்ப் படத்தை இயக்கியவர் இவர். அந்தப் படத்தில் சின்னப் பையனாகத் தலைகாட்டிய எஸ்.பாலசந்தர்தான் பின்னாளில் வீணை பாலசந்தராகப் பேர் வாங்கி, 1954-ல் ‘அந்த நாள்’ என்ற அற்புதமான கருப்பு வெள்ளைப் படத்தை இயக்கினார். மராட்டியம் எங்கே, மயிலாப்பூர் எங்கே என்று நினைக்கிறோம். அந்தக் கால சினிமாக்காரர்களுக்கு அந்தத் தூரமெல்லாம் ஒன்றுமே இல்லை.

கதைக்குப் பின்னால் ஓர் இன்ஜினியர்

டிப்ளமோ படிக்கும் நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டிய இடம் இது! இந்தக் கதை வெறும் கற்பனை அல்ல. இதற்கு விதை போட்டவர் ஓர் எலெக்ட்ரிகல் இன்ஜினியர்.

பெயர் மாரிஸ் ஃபிரிட்மன். 1901-ல் போலந்து நாட்டு வார்சாவில் பிறந்த யூதர். 1930-களில் மைசூர் சமஸ்தானத்துக்கு வந்து, பெங்களூர் அரசு எலெக்ட்ரிக் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். நம்ம ஊரிலிருந்து பஸ் ஏறினால் மூன்று மணி நேரத்தில் போய்விடலாமே, அந்தத் திருவண்ணாமலைக்கு வந்து ரமண மகரிஷியின் காலடியில் உட்கார்ந்தவர். காந்திஜியைச் சந்தித்துக் கைராட்டைத் தொழில்நுட்பத்தில் மூளையைச் செலவிட்டவர். பாரதானந்தா என்று பெயரும் மாறியது.

அப்போது மராட்டியப் பகுதியில் ஔந்து என்று ஒரு சின்ன சமஸ்தானம் இருந்தது. அதன் ராஜா பவான்ராவ் பந்த் பிரதிநிதி. அவர் மகன் அப்பா பந்த், ஃபிரிட்மனின் நண்பர். ராஜா தன் அதிகாரத்தைக் கிராமங்களிடமே ஒப்படைக்க முன்வந்தபோது, அதற்கான அரசியல் சட்டத்தைக் காந்திஜியின் யோசனையோடு உருவாக்கியதில் ஃபிரிட்மனுக்குப் பங்கு உண்டு. அதே 1939-ல், அட்பாடி பக்கத்தில் கைதிகளுக்காகச் சுவர் இல்லாத ஒரு குடியிருப்பை ஆரம்பித்தார்கள். அதற்கு வைத்த பெயரைக் கேளுங்கள்: ஸ்வதந்திரபூர்! சுதந்திரபுரி. ஜெயிலுக்கு இப்படி ஒரு பெயர் வேறு எங்கே கேட்டிருக்கிறோம்? நாட்டுக்கே சுதந்திரம் வர இன்னும் 8 வருஷம் இருந்த காலம் அது.

கதை எழுதிய மாட்கூள்கர் இதே அட்பாடி வட்டாரத்துக்காரர். தன் வீட்டுப் பக்கத்தில் நடந்ததைத்தான் அவர் கதையாக்கினார். ஸ்வதந்திரபூர் கதையோடு முடிந்துபோகவும் இல்லை. சாங்லி மாவட்டத்தில் மகாராஷ்டிர சிறைத்துறையின் திறந்தவெளிக் குடியிருப்பாக அது இன்னமும் இருக்கிறது. கைதிகள் அங்கே குடும்பத்தோடு இருந்து விவசாயம் செய்யலாம்.

தமிழில் வந்தபோது

நம் அப்பா, சித்தப்பாக்களிடம் கதையைச் சொல்லிப் பாருங்கள். “அட, இது எம்.ஜி.ஆர். படம்டா!” என்பார்கள். அவர்கள் சொல்வது சரிதான். 1975-ல் வந்த ‘பல்லாண்டு வாழ்க’ இதன் தமிழ் வடிவம். இயக்கம் கே.சங்கர், தயாரிப்பு எழுத்தாளர் மணியன், இசை கே.வி.மகாதேவன். இது கலர் படம். ஜோடி லதா.

இதில் நான் ரசித்த விஷயம் ஒன்று உண்டு. கைதிகளாக யாரைப் போட்டார்கள் தெரியுமா? நம்பியார், பி.எஸ்.வீரப்பா, ஆர்.எஸ்.மனோகர்! எத்தனையோ படங்களில் எம்.ஜி.ஆரோடு கத்திச் சண்டை போட்டவர்கள், அவரிடம் உதை வாங்கியவர்கள். வீரப்பாவின் சிரிப்பைக் கேட்டாலே தியேட்டர் நடுங்கிய காலம் உண்டு. அப்பேர்ப்பட்டவர்கள் யேசுதாஸ் பாடிய பிரார்த்தனைப் பாட்டுக்குக் கைகூப்பி நிற்கும்போது, இவர்கள் எவ்வளவு மோசமானவர்கள் என்று வசனத்தில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஜனங்களுக்கு இருபது வருஷமாகத் தெரியும்! இந்திப் படத்தில் அந்த ஆறு பேரை நாம் புதிதாகப் பழகுகிறோம். தமிழில் பழைய எதிரிகள் திருந்துவதைப் பார்க்கிறோம். இரண்டும் வேறு வேறு ருசி.

இன்னொன்றையும் நினைத்துப் பார்க்கலாம். அந்தப் படம் வந்தபோது அவசரநிலை அமலில் இருந்தது. நாடு முழுக்கச் சிறைகளில் அரசியல் கைதிகள் நிரம்பிக்கொண்டிருந்த வருஷம் அது.

கண்ணுக்கு வந்த சோதனை

படப்பிடிப்பில் ஒரு விபத்து நடந்தது. கடைசிக் காட்சிக்காகச் சாந்தாராம் நிஜமான முரட்டு மாட்டோடு மோதினார். டூப் போடவில்லை. கண்ணில் பலத்த அடி. கட்டுப் போட்டுப் படுத்துவிட்டார். பார்வை திரும்புமா என்றே சந்தேகம். இரண்டு கண்களைப் பற்றிப் படம் எடுத்தவருக்கு அந்தக் கண்ணிலேயே சோதனை! நல்லவேளை, பார்வை திரும்பியது. அந்த இருட்டு நாட்களுக்குப் பிறகு 1959-ல் அவர் எடுத்த படத்தின் பெயர் ‘நவ்ரங்’, அதாவது ஒன்பது நிறங்கள். அந்தப் படத்தின் தொடக்கத்தில் அவரே தோன்றி இந்த விபத்தைச் சொல்கிறார்.

‘தோ ஆங்க்கேன் பாரா ஹாத்’ 1957-ன் சிறந்த படமாக ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் பெற்றது. 1958-ல் பெர்லின் திரைப்பட விழாவில் வெள்ளிக் கரடி விருது, 1959-ல் அமெரிக்காவில் கோல்டன் குளோப் விழாவின் சாமுவேல் கோல்ட்வின் விருது என்று வெளிநாட்டிலும் கௌரவம் கிடைத்தது. சாந்தாராம் 1985-க்கான தாதா சாகேப் பால்கே விருதைப் பெற்றார், 1990-ல் காலமானார்.

எனக்கு ஒப்பாத இடம்

படத்தைப் புகழ்ந்தே எழுதினால் அது விமர்சனம் ஆகாது, விளம்பரம் ஆகிவிடும். எனக்கு உறுத்திய இடத்தையும் சொல்ல வேண்டும்.

ஆதிநாத்தின் கண்களுக்குப் படம் ஏதோ மந்திர சக்தி இருப்பதுபோலக் காட்டுகிறது. கைதிகள் ஓடாமல் இருப்பது அவர்கள் மனம் மாறியதாலா, அல்லது யாரோ பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்ற பயத்தாலா? பயத்தால் என்றால், இரும்புக் கம்பிக்குப் பதில் கண். அவ்வளவுதானே வித்தியாசம்? தமிழில் ‘கண்காணிப்பு’ என்ற சொல்லிலேயே கண் இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கூலி ஆட்களை வேலை வாங்கியவருக்குப் பெயரே ‘கண்காணி’ அல்லவா! அந்தக் கண்ணை அன்பான கண் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று, ஊருக்கு ஓர் ஆதிநாத் கிடைப்பானா? நிஜமான திறந்தவெளிச் சிறைகள் ஒரு மகானை நம்பி நடக்கவில்லை, விதிமுறைகளை நம்பி நடக்கின்றன. ஆதிநாத் வேண்டுமென்றே மோசமான ஆறு பேரைப் பொறுக்கி எடுத்தான். நிஜத்தில் அப்படி இல்லை. தண்டனையில் ஒரு பகுதியை ஒழுங்காகக் கழித்து, நன்னடத்தை காட்டியவர்களைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். உத்தரப்பிரதேசத்தில் சம்பூர்ணானந்த் 1952-ல் கைதிகளை அணை கட்டும் வேலைக்கு முகாம் போட்டு அனுப்பினார். அவர் பெயரிலேயே ராஜஸ்தானின் சாங்கானேரில் 1963-ல் ஒரு திறந்தவெளிச் சிறை வந்தது. அங்கே கைதி குடும்பத்தோடு வசிக்கிறார். காலையில் வெளியே வேலைக்குப் போய்ச் சம்பாதித்து, சாயங்காலம் ஆஜர் கணக்குக்குத் திரும்பி வருகிறார். நம் மாநிலத்திலும் கோவை சிங்காநல்லூர், சிவகங்கை மாவட்டம் புரசடைஉடைப்பு ஆகிய இடங்களில் கைதிகள் திறந்தவெளியில் விவசாயம் செய்கிறார்கள். 1996-ல் ராமமூர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறைகளின் ஒன்பது முக்கியப் பிரச்சினைகளைப் பட்டியல் போட்டபோது, திறந்தவெளிச் சிறைகளை எப்படி நடத்துவது என்பதும் அதில் ஒன்றாக இடம்பெற்றது.

ஆகவே ஓடாமல் இருப்பதற்கு மந்திரக் கண் வேண்டியதில்லை என்று தெரிகிறது. திரும்பி வருவதற்கு ஒரு காரணம் இருந்தால் போதும். வேலை, கூலி, குடும்பம், சீக்கிரம் விடுதலை ஆகலாம் என்ற நம்பிக்கை. படத்திலும் உற்றுப் பார்த்தால் அதுதான் நடக்கிறது. முதலில் கண்ணுக்குப் பயந்து திரும்புகிறார்கள். பிறகு தாங்கள் விதைத்த பயிருக்காக அங்கேயே நிற்கிறார்கள். தன் கையால் நட்ட செடியை விட்டுவிட்டு யார் ஓடுவார்கள்?

மண் சொல்லும் பாடம்

முதல் வருஷத்திலேயே நமக்குச் சொல்லிக்கொடுத்தது இது. காய்ந்த பச்சைச் சாமான் உடைந்தால் கவலை இல்லை. தண்ணீரில் போட்டால் கரையும், மறுபடி ஸ்லிப் ஆகும், மறுபடி மோல்டில் ஊற்றலாம். ஆனால் சூளையில் 500, 600 டிகிரி தாண்டிவிட்டால் மண்ணுக்குள் இரசாயனமாகக் கட்டுண்டிருக்கும் நீர் வெளியேறிவிடும். பிறகு என்னதான் ஊறவைத்தாலும் அது பழைய களிமண் ஆகாது.

ஜெயிலுக்குப் போய் வந்த மனிதனை ஊர் பார்ப்பது இப்படித்தான். ‘சுட்டது சுட்டதுதான், இனி மாறாது.’ ஆதிநாத் சொல்வது, ‘இல்லை, இன்னும் பச்சை மண்தான்.’ இரண்டில் எது உண்மை? எனக்கு மூன்றாவதாக ஒன்று தோன்றுகிறது. சுட்டு உடைந்ததை நம் தொழிலில் தூக்கியா எறிகிறோம்? அரைத்து, குரோக் என்று பெயர் வைத்து, புது மண்ணோடு கலக்கிறோம். குரோக் கலந்த மண் காயும்போது சுருங்குவது குறைவு, விரிசல் விடுவதும் குறைவு. உலையின் உள்ளே நெருப்பைத் தாங்கும் செங்கல்லுக்கு அதுதான் பலம். ஒருமுறை நெருப்பைப் பார்த்தது, அடுத்த நெருப்பைத் தாங்க உதவுகிறது. படத்தில் அந்த ஆறு பேர் அடி வாங்கியும் திருப்பி அடிக்காமல் நின்றார்களே, கோபத்தால் ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தவர்களுக்குத்தான் அந்த நிதானத்தின் விலை தெரியும்.

சொல்ல வேண்டியது

இப்போது என் காரணத்துக்கு வருகிறேன்.

எங்கள் தெருவில் ஒருவர். பெயர் வேண்டாம். மாமா என்று கூப்பிடுவோம். ஓர் அடிதடிக் கேஸில் தண்டனையாகிக் கடலூர் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தார். 1918-ல் நம் பாரதியாரைப் பிடித்துவைத்த அதே கடலூர் ஜெயில்தான். பாரதி இருந்ததால் அந்த இடத்துக்குப் பெருமை. மாமா இருந்ததால் மாமாவுக்கு அவமானம். தெருவில் யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. அவர் வந்து நின்றால் பேச்சு மட்டும் நின்றுவிடும்.

நான் அப்போது ஒன்பதாவது படித்தேன். ஒரு நாள் சாயங்காலம் வாசலில் வந்து நின்றார். “மாப்ள, அம்மாவுக்கு மாத்திரை வாங்கணும். சைக்கிளைக் கொஞ்சம் குடு, பத்து நிமிஷத்துல வந்துடறேன்” என்றார். வீட்டில் யாரும் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: “பஞ்சர் மாமா.” சைக்கிள் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்தான் நின்றது. இரண்டு டயரிலும் காற்று கிண்ணென்று இருந்தது. அவர் டயரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. “சரி மாப்ள” என்று சொல்லிவிட்டு நடந்தே போனார். மருந்துக் கடை அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர். அவர் தெருமுனை திரும்பிய பிறகு நான் சைக்கிளை உள்ளே தள்ளிப் பூட்டினேன்.

போன வருஷம் டிரெயினிங்குக்காக நம்ம ஊர் பீங்கான் யூனிட் ஒன்றுக்குப் போனேன். ராத்திரி ஷிஃப்ட். சூளைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர் அந்த மாமா! மூன்று வருஷமாக அங்கே வேலையாம். ராத்திரி முழுக்க நெருப்பைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. முதலாளி சூளையை அவரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குத் தூங்கப் போய்விடுகிறார். ஒரு லோடு சாமான், பல நாள் உழைப்பு, 1250 டிகிரி. எல்லாம் அவருடைய இரண்டு கண்களை நம்பி.

என்னைக் கூப்பிட்டு, பார்வைத் துளை வழியாகக் கோன் வளைகிறதா என்று பார்க்கச் சொன்னார். பார்த்தேன். உள்ளே எல்லாம் ஒரே வெளிச்சம். கண் கூசியது. டீ வாங்கிக் கொடுத்தார். அப்புறம் சிரித்துக்கொண்டே கேட்டார்:

“என்ன மாப்ள, சைக்கிள் பஞ்சர் ஒட்டியாச்சா?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் சிரித்தது என்னைக் கேலி பண்ணவா, மன்னித்துவிட்டேன் என்று சொல்லவா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த வாரம் லீவில்தான் இந்தப் படத்தைப் பார்த்தேன். ஆதிநாத் விலங்கைக் கழற்றியபோது எனக்குக் கைதிகளின் கை தெரியவில்லை. பூட்டுப் போட்ட என் கைதான் தெரிந்தது.

நண்பர்களே, இது பதின்மூன்றாவது கை. படத்தின் தலைப்பில் இந்தக் கையைக் கணக்கில் சேர்க்கவில்லை. கைதி திருந்தினானா என்று கேட்கிறோம். அவன் திருந்தி வந்து நிற்கும்போது கதவைத் திறக்க நம் கை தயாரா என்று கேட்பதில்லை. சூளையை ஒப்படைத்த அந்த முதலாளி இந்தப் படத்தைப் பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம். ஆனால் அவர் செய்த வேலை ஆதிநாத் செய்த வேலைதான். அதற்கு மகானாக இருக்க வேண்டியதில்லை என்று அவர்தான் எனக்குக் காட்டினார்.

நேரம் கிடைக்கும்போது படத்தைப் பாருங்கள். பாஷை புரியாவிட்டாலும் பரவாயில்லை, கண்களைப் பார்த்தால் கதை புரிந்துவிடும். நாளைக்கு நம்மில் சிலர் சூப்பர்வைசர் ஆவோம், சிலர் சொந்தமாக யூனிட் போடுவோம். வேலை கேட்டு ஒருவர் வந்து நிற்பார். ‘இதுக்கு முன்னாடி எங்கே இருந்தீங்க?’ என்று கேட்போம். அவர் ஒரு நிமிஷம் தயங்குவார். அந்த ஒரு நிமிஷத்தில் ‘பஞ்சர்’ என்று சொல்லிவிடாதீர்கள்.

— மூன்றாம் ஆண்டு மாணவன், செராமிக் பிரிவு